உப்புக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

— பதினோரு நாள். பதினோரு வெள்ளைத்தாள். நாப்பத்திரண்டு பேர்ல உங்களோடது மட்டும் ஒரு கிரேயான் கோடுகூட இல்லாம வருது. ஏன்?

— திருப்பிப் பாருங்க மேடம். பின்னாடி பேரு எழுதியிருக்கேன்.

— பேரு போதாது. கலர் அடிக்கணும். அதுக்குத்தானே ஆளுக்கொரு கிரேயான் பெட்டி குடுத்தோம்?

— பெட்டி பத்திரமா இருக்கு. ஒண்ணுகூட உடையல. திருப்பிக் குடுத்துடறேன்.

— பாருங்க, நான் திட்டுறதுக்குக் கூப்பிடல. முதல்ல உக்காருங்க.

— நாள் முழுக்க உக்காந்துதான் ஜிப் இழுக்கிறேன். நின்னுக்கிறேனே, காலுக்கு இதமா இருக்கு.

— சரி. இந்த "மலர்ச்சி அரைமணி" எதுக்குன்னு நான்தான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். ஞாபகம் இருக்கா? கற்பனைக்கும் ஆர்வத்துக்கும் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கணும். குளிக்கிற மாதிரி, பல்லு தேய்க்கிற மாதிரி, அதுவும் நம்மளை நாமே கவனிச்சுக்கிறதுதான்.

— நல்லாத்தான் படிச்சீங்க. நான் நம்பிட்டேன். அங்கதான் வினையே ஆரம்பிச்சுது.

— என்ன வினை?

— முதல் நாள் ஆசையா உக்காந்து அடிச்சேன் மேடம். தாள்ல பூ, இலை, பட்டாம்பூச்சி. ஒவ்வொண்ணுக்குள்ளயும் நம்பர். ஒண்ணுன்னா சிவப்பு, ரெண்டுன்னா பச்சை, மூணுன்னா மஞ்சள். எனக்கு என்னவோ, இலை ஊதாவா இருந்தா எப்படி இருக்கும்னு தோணுச்சு. அடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் தாள் திரும்பி வருது. இலைக்கு மேல பெரிசா ஒரு தப்புக்குறி. பக்கத்துல "ரெண்டு பச்சை"ன்னு எழுத்து வேற.

— அது நான் போட்டது இல்ல. சூப்பர்வைசர்.

— யாரு போட்டா என்ன? பட்டாம்பூச்சிக்கு எந்தக் கலர்னு மேல இருந்து ஆர்டர் வருதுன்னா, அதை ஏன் என்கிட்ட கேக்கணும்? ஒரு மெஷினை விட்டு அடிச்சுக்க வேண்டியதுதானே.

— மத்தவங்க எல்லாம் அடிக்கிறாங்களே.

— அடிக்கட்டும். புடிச்சிருந்தா அடிக்கட்டும், பயந்தாலும் அடிக்கட்டும். நான் அவங்களைச் சொல்லல. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

— அப்போ அந்த அரைமணி நேரம் என்ன பண்றீங்க?

— இருக்கேன்.

— எங்க?

— நீங்க எங்கேன்னு கேக்கறதைப் பாத்தா, எங்கேன்னு தெரிஞ்சு கேக்கற மாதிரி இருக்கு.

— கழிவு ரூம்ல இருக்கீங்கன்னு... சொன்னாங்க.

— சொன்னவங்க வாய் நல்லா இருக்கட்டும். ஆமா, அங்கதான்.

— பாருங்க, நான் ஒரு விஷயம் வெளிப்படையாச் சொல்றேன். இன்னைக்கு மூணு மணிக்குத் தலைமை ஆபீஸ்ல இருந்து ஆள் வர்றாங்க. நாப்பத்திரண்டுக்கு நாப்பத்திரண்டு தாளும் கலரா இருக்கணும்னு சூப்பர்வைசர் ஒத்தக்கால்ல நிக்கிறார். அவர் இப்ப வருவார். வர்றதுக்கு முன்னாடி ஒரு தாள், ஒரே ஒரு தாள், சும்மா அடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா நான் பேசிக்கிறேன்.

— மேடம், நியாயமா ஒண்ணு சொல்லட்டுமா?

— சொல்லுங்க.

— ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் ஜிப்பு தெறக்கிறேன். ரெண்டாயிரம் ஜிப்பு மூடறேன். பல்லு சரியாக் கடிக்குதா, நடுவுல சிக்குதான்னு பாக்கணும். பதினெட்டு வருஷமா இதே வேலை. ஒரு தடவை கூட உள்ள ஒண்ணும் இருந்தது இல்ல.

— உள்ளயா?

— ஜிப்பைத் தெறந்தா உள்ள எதாவது இருக்கணும்ல? பையா இருந்தா பணம் இருக்கும், பேன்ட்டா இருந்தா... அது கெடக்கட்டும். எனக்கு வர்றது வெறும் ஜிப்பு. தெறந்தா மேஜை தெரியும். மூடினா மேஜை மறையும். ராத்திரி தூக்கத்துல கையி மேலயும் கீழயும் போகுதாம், வீட்டுக்காரர் சொல்றார். போர்வையை இழுத்து இழுத்து அவர் மூக்கு வரைக்கும் மூடி விட்டுடறேனாம்.

— சிரிக்க வைக்காதீங்க.

— சிரிங்க மேடம், இதுக்கு நம்பர் கெடையாது.

— உள்ள வரலாமா மேடம்?

— வாங்க சூப்பர்வைசர் சார். அது... அந்தப் பெட்டியை எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க?

— அதாவது மேடம், சாட்சி. நானே கையோட தூக்கிட்டு வந்தேன். கழிவு ரூம்ல, பழைய மரப்பலகைக்குப் பின்னாடி, சாக்கு போட்டு மூடி வச்சிருந்துச்சு. தெறந்து பாத்தா எனக்கே கொமட்டிருச்சு. பாருங்க, பாருங்க.

— ஆட்டாதீங்க சார்! சாய்க்காம வைங்க! அப்படியே, மேஜை மேல, மெதுவா. ஜன்னல் வெளிச்சம் வேண்டாம், கொஞ்சம் இந்தப் பக்கம்.

— பாத்தீங்களா மேடம்? ஒத்துக்கிட்டா. இது உன்னோடதுதானேம்மா?

— என்னோடதுதான் சார். மூடியை எடுத்தது எடுத்தீங்க, காத்துல காய விடாதீங்க.

— அதாவது, கம்பெனி அட்டைப்பெட்டி. கம்பெனி ஜிப்பு. எடுத்து என்ன பண்ணி வச்சிருக்கா பாருங்க. ரோடு மாதிரி, வீடு மாதிரி, இது என்ன, தண்டவாளமா?

— ஜிப்பைப் பாதியாத் தெறந்து ஒட்டினா தண்டவாளம். முழுசா மூடினா வேலி. இழுக்கிற தகடு இருக்குல்ல, அதை நட்டு வச்சா தெருவிளக்கு. எல்லாம் கழிச்ச ஜிப்பு சார். கழிச்சதே நான்தான்.

— நடுவுல இந்த மஞ்சக் கருமம்?

— அதுதான் நம்மாளு.

— நம்மாளா?

— பேரு தெரியாது. மழைக்கு மரப்பலகை ஊறிக் கெடந்துச்சுல்ல, அதுல ஒரு நாள் மஞ்சளா எதையோ கொட்டின மாதிரி இருந்துச்சு. யாரோ பெயின்ட்டைக் கொட்டிட்டாங்கன்னு நெனச்சேன். மறுநாள் பாத்தா ஒரு ஜாண் தள்ளி இருக்கு. பெயின்ட்டு நகருமா சார்?

— அதாவது மேடம், ஃபாக்டரிக்குள்ள பூஞ்சை வளத்திருக்கா! பூஞ்சை!

— அது பூஞ்சை இல்ல சார்.

— மேடம்?

— இல்ல... பூஞ்சைன்னு சொல்வாங்க, ஆனா பூஞ்சை வகையில வராது. செடியும் இல்ல, மிருகமும் இல்ல. காலேஜ்ல படிச்சிருக்கேன். யாரையும் ஒண்ணும் செய்யாது. நீங்க மேல சொல்லுங்க.

— மேல என்ன சொல்றது? பினாயிலைக் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். ஊத்திட்டா கதை முடிஞ்சுது.

— ஊத்துங்க சார். ஊத்துறதுக்கு முன்னாடி அது என்ன பண்ணும்னு ஒரு தடவை கேட்டுட்டு ஊத்துங்க.

— என்னம்மா பண்ணும்? மஞ்சளாக் கெடக்கும்.

— ஓட்ஸ் தின்னும்.

— ஓட்ஸா?

— பிஸ்கட் வச்சேன், திரும்பிக்கூடப் பாக்கல. சர்க்கரை வச்சேன், தொட்டுட்டு விட்டுருச்சு. டாக்டர் சொன்னாருன்னு வீட்டுக்காரருக்கு வாங்கி வச்ச ஓட்ஸ் இருந்துச்சு. அதைக் கண்டாலே அவருக்கு முகம் எட்டுக்கோணலாப் போகும். நம்மாளு என்னடான்னா நாலு பக்கமும் கை நீட்டி வளைச்சுப் பிடிச்சுக்கிச்சு. சரி, ஓட்ஸை இன்னும் கொஞ்சம் தள்ளி வச்சா? வந்துச்சு. சுவரு வச்சு மறைச்சா? சுத்திட்டு வந்துச்சு. ரெண்டு வழி வச்சேன், ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. முதல்ல ரெண்டுலயும் போச்சு. மறுநாள் பாக்கறேன், நீளமான வழியைச் சுருட்டிக்கிட்டுக் குட்டை வழியில மட்டும் நிக்குது.

— சும்மா சொல்லாதே.

— ஒரு வழியில போயிட்டு அங்க ஒண்ணும் இல்லைன்னா, பிசின் மாதிரி ஒரு தடம் விட்டுட்டு வந்துடும். அப்புறம் அந்தத் தடம் பட்டா "இங்க ஏற்கனவே வந்தாச்சு"ன்னு திரும்பிக்கும். ஒரே இடத்துக்கு ரெண்டு தடவை போகாது சார். அதைப் பாத்தப்போ எனக்கு வெக்கமாப் போச்சு.

— உனக்கு என்ன வெக்கம்?

— பதினெட்டு வருஷமா ஒரே இடத்துக்கு வந்துட்டிருக்கேன்ல?

— அதாவது, அதுக்குக் கண்ணு எங்க இருக்கு?

— கெடையாது.

— மூளை?

— அதுவும் கெடையாது.

— மூளை இல்லாம எப்படிம்மா வழி கண்டுபிடிக்கும்?

— பாத்தீங்களா சார்? நீங்களும் கேட்டுட்டீங்க.

— நான் ஒண்ணும் கேக்கல! நான் விசாரிக்கிறேன்!

— எனக்கும் இப்படித்தான் ஆச்சு. கேள்வின்னு ஒண்ணு கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்னு அன்னைக்குத்தான் நெனச்சுப் பாத்தேன். வீட்ல நான் கேக்கறதெல்லாம், சாப்பிட்டியா, விளக்கை அணைச்சியா, மோட்டார் போட்டியா. எல்லாம் பதில் தெரிஞ்ச கேள்வி. பதில் தெரியாம ஒரு கேள்வி கேட்டா, மேடம், உடம்புக்குள்ள எதோ ஒரு ஜன்னல் தெறந்த மாதிரி இருக்கு. அன்னைக்கு ராத்திரி நான் போர்வையை இழுக்கலையாம். வீட்டுக்காரர் சொன்னார்.

— சரி, இதனால என்ன பிரயோஜனம்? இதை வச்சு நாளைக்கு ஒரு ஜிப்பு அதிகமாச் செய்வியா?

— மாட்டேன்.

— சம்பளம் கூடுமா?

— கூடாது.

— அப்போ?

— அதுக்குத்தான் சார் வச்சிருக்கேன். என் வாழ்க்கையில எதுக்கும் உதவாதது இது ஒண்ணாவது இருக்கட்டும்னு.

— வாய், வாய். மேடம், நீங்களாவது சொல்லுங்க.

— அவங்க சொல்றது தப்பில்லையே சார். நோட்டீஸ்ல நாம எழுதினதும் அதுதானே, கற்பனை, ஆர்வம்...

— அதாவது, நோட்டீஸ்ல எழுதறது வேற. செய்யறது வேற. ஆர்வம்னா அளவா இருக்கணும். தாளுக்குள்ள இருக்கணும். போட்டோ எடுத்து அனுப்புற மாதிரி இருக்கணும். இதைப் போட்டோ எடுத்து அனுப்பினா நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீங்க வந்து ஆறு மாசம் ஆகல. இன்னைக்கு வர்ற அதிகாரி கையிலதான் உங்க வேலை நிரந்தரம் ஆகறது இருக்கு. மறந்துடாதீங்க.

— மறக்கல சார்.

— இன்னும் பெரிய விஷயத்துக்கே நான் வரல. இந்தா, இது என்ன வெள்ளையா, பெட்டிக்கு நடுவுல கோடு போட்ட மாதிரி? பொடி மாதிரி இருக்கு. விஷம் கிஷம் வச்சிருக்காளா?

— உப்பு சார். கை வைக்காதீங்க, கலைஞ்சிடும்.

— உப்பா? உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்? நாக்குல வச்சுப் பாத்தீங்களா?

— இல்ல... பாத்தா...

— பாத்தாலே தெரியுதே சார். பரபரன்னு இருக்கு. உங்க வீட்ல உங்களைச் சமையல் ரூம் பக்கமே விடறதில்லை போல. உப்புதான். நான்தான் போட்டேன். உப்புன்னா நம்மாளுக்கு ஆகாது, கிட்டவே போகாது. இந்தப் பக்கம் அது. அந்தப் பக்கம் ஓட்ஸ். நடுவுல உப்பு. தாண்டுமா, தாண்டாதான்னு பாத்தேன்.

— தாண்டுச்சா?

— அஞ்சு நாள் தாண்டவே இல்ல. கோடு வரைக்கும் வரும், முகர்ந்து பாக்கற மாதிரி நிக்கும், திரும்பிடும். நானும் உப்பைக் குறைச்சுப் பாத்தேன், ஓட்ஸைக் கூட்டிப் பாத்தேன். ஒண்ணும் நடக்கல.

— ஆனா இப்ப அந்தப் பக்கம்தானே இருக்கு மஞ்சளு? முக்கால்வாசி அந்தப் பக்கம்தான் இருக்கு.

— ஆமா சார்.

— எப்படித் தாண்டுச்சு? சொல்லு. அதாவது மேடம், நான் இங்கதான் வரணும்னு இருந்தேன். இது என்னம்மா?

— பாலம்.

— பாலம். உப்புக்கு மேல அட்டையில ஒரு பாலம். டிஷ்யூ சுத்தி ஈரம் பண்ணி, ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்து. இதை எப்ப வச்சே?

— ஈரம் காயல சார், பாலத்தை அழுத்தாதீங்க.

— சொல்லும்மா. வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இது இல்ல. அன்னைக்கு உன் லைன்ல வேலை பாக்கறவங்க நாலு பேர் வந்து வேடிக்கை பாத்திருக்காங்க, விசாரிச்சுட்டேன், பாலம் கீலம் எதுவும் இல்லைன்னு சொல்றாங்க. வெள்ளி, சனி, ஞாயிறு ஃபாக்டரி மூடியிருந்துச்சு. நேத்து காலையில நீ வந்து சாக்கைத் தூக்கறே, பாலம் இருக்கு, மஞ்சளு தாண்டியிருக்கு. அப்போ மூடின மூணு நாள்ல யாரோ உள்ள வந்திருக்காங்க. சனிக்கிழமை மத்தியானம் கழிவு ரூம்ல லைட் எரிஞ்சுதுன்னு வாட்ச்மேன் வேற சொல்றான். நான்னு நெனச்சுப் பேசாம இருந்துட்டானாம்.

— வேடிக்கை பாத்துட்டு நாங்கதான் லைட்டை அணைக்காம போயிட்டோமோ என்னவோ.

— பித்தளைத் தூள் மூட்டை இருக்கிற ரூம் அது! பூட்டின நாள்ல உள்ள போறதுன்னா என்னன்னு தெரியுமா? திருட்டு!

— மூட்டை எடை குறைஞ்சிருக்கா சார்?

— குறையல மேடம். போட்டுப் பாத்தேன்.

— அப்போ எதுவும் போகலையே.

— அதாவது, எதுவும் போகலைங்கறது வேற. உள்ள போனது போனதுதான். வேலைய விட்டு எடுக்கிற குத்தம். இதோ, ஆர்டர் எழுதிட்டேன். பேரு போடற இடம் மட்டும் காலியா விட்டிருக்கேன். இவ பேரா, இவ கூட்டாளி பேரான்னு இவதான் சொல்லணும்.

— எனக்குத் தெரியாது சார்.

— தெரியாம எப்படி? உன் பெட்டி. உன் பூஞ்சை.

— நேத்து காலையில சாக்கைத் தூக்கினேன். மூணு நாள் காஞ்சு செத்துக் கெடக்கும்னுதான் மனசைத் தேத்திக்கிட்டு வந்தேன். பாத்தா ஈரம் காயாம இருக்கு. நம்மாளு பாலத்துல ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஓட்ஸை நடுவுல வச்சு விசிறி மாதிரி விரிஞ்சு கெடக்கு. சார், நான் அங்கயே தரையில உக்காந்துட்டேன். அழுதேன்னு நெனக்காதீங்க. சிரிச்சேன். அஞ்சு நாள் உப்பையே முறைச்சிட்டிருந்தேன். மேல ஒரு வழி இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல. வேற யாருக்கோ தோணியிருக்கு.

— யாருக்கு?

— அதான் தெரியாதுன்னேனே. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்.

— ஏன்?

— ஒருத்தங்க லீவு நாள்ல வந்து, பூட்டைத் தெறந்து, தண்ணி தெளிச்சு, அட்டையை அளந்து வெட்டி, மூச்சு விடாம ஒட்டி வச்சுட்டுப் போயிருக்காங்க. பித்தளையைத் தொடல. எவ்வளவு ஆசை இருந்தா வந்திருப்பாங்க? அந்த ஆசையைப் பிடிச்சு உங்க ஆர்டர்ல போடறதுக்கு நான் ஆள் இல்ல.

— அதாவது, கடைசியாச் சொல்றேன். நானும் மனுஷன்தான். உனக்கு ஒரு வழி தர்றேன். இந்தப் பதினோரு தாளையும் இப்பவே எடு. இங்கயே உக்காந்து கலர் அடி. இலை பச்சை, ஞாபகம் வச்சுக்க. பினாயில் வந்ததும் உன் கையாலயே ஊத்து. கூட்டாளி யாருன்னு சொல்லு. மூணு மணிக்குள்ள நாப்பத்திரண்டுக்கு நாப்பத்திரண்டு. ஆர்டரைக் கிழிச்சுப் போட்டுடறேன். பதினெட்டு வருஷ வேலைம்மா. உன் வீட்டுக்காரர் வேற சுகரோட வீட்ல இருக்காருன்னு கேள்வி.

— அடிக்க மாட்டேன் சார்.

— என்னது?

— ஊத்தவும் மாட்டேன்.

— யோசிச்சுப் பேசு.

— யோசிச்சுத்தான் பேசறேன். யோசிக்கிறது எப்படின்னு இப்பத்தான் திரும்பக் கத்துக்கிட்டேன், அதை விடச் சொல்றீங்க. எட்டு மணி நேரம் என் கையை எடுத்துக்கிட்டீங்க. சரி, சம்பளம் குடுக்கறீங்க. அரைமணி நேரம் மனசுக்குன்னு குடுத்தீங்க. குடுத்துட்டு அதுலயும் நம்பர் போட்டு வச்சா, அது குடுத்ததா சார்? அந்த அரைமணி எனக்குச் சோறு மாதிரி. என் சோத்தை நீங்க மென்னு குடுக்க வேண்டாம். நானே மென்னுக்கிறேன்.

— மேடம், கேட்டுட்டீங்கள்ல? இனி என்னைக் குத்தம் சொல்லாதீங்க. எங்க அந்தப் பாலம்? சாட்சியா வெளிய எடுத்து வச்சுக்கறேன்.

— எடுக்காதீங்க சார்! நம்மாளு அது மேல இருக்கு!

— ஒட்டிக்கிட்டு வருது, சீ. இந்தா, இந்த முனையை மட்டும் பாருங்க. டிஷ்யூ பிரிஞ்சிருக்கு. நல்ல கெட்டி அட்டை. வழவழன்னு இருக்கு. ஓரத்துல நீலமா ஒரு பட்டை. இது நம்ம பேக்கிங் அட்டை இல்லையே. இந்த மாதிரி அட்டை லைன்ல யாருகிட்டயும் கெடையாதே. எங்க இருந்து வந்துச்சு?

— காட்டுங்க சார்.

— தொடாதே, பாரு.

— பாத்துட்டேன் சார்.

— என்னம்மா, மேஜையையே பாத்துட்டு நிக்கறே?

— ஒண்ணுமில்ல. மேடம் மேஜையில ஃபைல் எல்லாம் எவ்வளவு அழகா அடுக்கி வச்சிருக்காங்கன்னு பாத்தேன்.

— இப்ப ஃபைலா முக்கியம்?

— இல்ல சார். பேனாவை எடுங்க.

— எதுக்கு?

— பேரு எழுதறதுக்கு. நான்தான் வச்சேன். சனிக்கிழமை வந்தேன். கழிவு ரூம் ஜன்னல் கொக்கி லூசு, அது வழியா ஏறிக் குதிச்சேன். அட்டை எங்க வீட்ல இருந்து கொண்டு வந்தது. என் பேரையே எழுதிக்குங்க.

— இப்பத்தானே தெரியாதுன்னே?

— பயத்துல சொன்னேன்.

— நீ பயந்தியா? உன்னைப் பாத்தா பயந்த மாதிரியா இருக்கு?

— உள்ளுக்குள்ள பயம் சார். வெளிய தெரியாது. எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு, பெட்டியை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன். ஓட்ஸ் அங்க நிறைய இருக்கு.

— ஜன்னல் வழியா நீங்க ஏற முடியாது. கம்பி இருக்கு.

— மேடம், நீங்க நடுவுல வராதீங்க. கம்பி ஒண்ணு ஆடும். உங்களுக்குத் தெரியாது.

— எனக்குத் தெரியும்.

— மேடம், மூணு மணிக்கு ஆள் வர்றாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. உங்களுக்கு இன்னும் ஆறு மாசம்கூட ஆகல. பேசாம கையெழுத்துப் போடுங்க. நான் பதினெட்டு வருஷம் இழுத்தாச்சு, என் கையும் ஓயட்டும்.

— அவளே ஒத்துக்கிட்டா மேடம். அதாவது, விஷயம் சுலபமா முடிஞ்சுது. இங்க, இந்தக் கோட்டுக்கு மேல கையெழுத்து.

— பேனா குடுங்க சார்.

— இந்தாங்க.

— அக்கா, உக்காருங்க.

— இப்ப என்ன மேடம் அக்கான்னு...

— உக்காருங்கக்கா. காலு வலிக்கும். நான் ஒண்ணு கேக்கணும். பாலத்துல ஏறறதுக்கு முன்னாடி அது ரொம்ப நேரம் நின்னுச்சா? இல்ல நேரா ஏறிடுச்சா?

— நான் பாக்கலையேம்மா. வந்தப்போ ஏற்கனவே ஏறி இறங்கியாச்சு.

— நானும் பாக்கல. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தேன். ஒரு விரல் நுனி அளவுதான் வந்துச்சு. அப்புறம் இருட்டிடுச்சு. மறுநாள் முழுக்க வீட்ல உக்காந்து அதையே நெனச்சிட்டிருந்தேன். காலேஜ் முடிச்சதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமைகூட எனக்கு அவ்வளவு நீளமாவும் இருந்தது இல்ல, அவ்வளவு நல்லாவும் இருந்தது இல்ல.

— மேடம், என்ன பேசறீங்க? எனக்கு ஒண்ணும் புரியல. கையெழுத்துப் போடுங்க.

— போடறேன் சார். பேரையும் நானே எழுதிடறேன். இடம் காலியாத்தானே இருக்கு?

— வேண்டாம்மா. சொல்றதைக் கேளு.

— நீங்க யாரு சொன்னதைக் கேட்டீங்க, நான் கேக்கறதுக்கு?

— மேடம்! என்ன எழுதறீங்க? இது... இது யாரு பேரு?

— ஆபீஸ் டிராயர்ல இருக்கிற சாவிய எடுத்து, சனிக்கிழமை மத்தியானம் கழிவு ரூமைத் தெறந்தது நான் சார். இந்த ஃபைல் அட்டையை வெட்டி, உப்புக்கு மேல பாலம் போட்டதும் நான்தான்.